மாமாவின் போட்டோவுக்கு மாலை

எங்கள் குடும்பத்தில் உயர்நிலைப்பள்ளியை முடித்த முதல் ஆள் நான். அதனால் பாலிடெக்னிக் கடைசி ஆண்டில், பரீட்சைக்குப் பதிலாக ஒரு குறும்படம் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. பெரிய படிப்பு என்றால் இப்படியெல்லாம்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டார்கள்.

கதை இதுதான். தலைக்கனம் பிடித்த ஒருவர் செத்துப்போகிறார். அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் உடலைக் கிடத்தியிருக்கிறார்கள். அவருடைய ஆவி பக்கத்தில் நின்றுகொண்டு தன் சாவையே குறை சொல்கிறது. மாலை சின்னது, தேநீரில் சீனி பத்தவில்லை, வந்தவர்களில் ஒருவருக்கும் ஒழுங்காக அழத் தெரியவில்லை.

நடிக்க ஆள் தேடி நான் அலையவில்லை. புக்கிட் மேராவில் அம்மாவின் அண்ணன் இருந்தார். கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் வேலையை விட்ட பிறகும் கப்பல்கள் எப்படி மிதக்கின்றன என்பது அவருக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால், மீன் விற்பவருக்கே மீனைப் பற்றி நாலு விஷயம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் நகர்வார். வீட்டில் எல்லோரும் இருக்க, அவர் முன்னால் கதையைப் படித்துக் காட்டினேன். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“இதே மாதிரி ஒருத்தன் எங்க யார்டுல இருந்தான்டா மாப்ள. அவனை அப்படியே செஞ்சு காட்டிடறேன் பாரு.”

சிக்கல் போட்டோவில் வந்தது. செத்தவருடைய போட்டோவுக்கு மாலை போட்டு, முன்னால் விளக்கு வைக்க வேண்டும். வேறு யாராவது ஒருவருடைய பழைய போட்டோவைத் தூரத்தில் வைத்து மங்கலாகக் காட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். மாமாவுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. நடிப்பது அவர், மாலை இன்னொருவனுக்கா? அன்றைக்கே கோட்டும் டையுமாக ஸ்டூடியோவுக்குப் போய், கதவு அகலத்துக்கு ஒரு போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு வந்தார்.

அம்மாவுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உயிரோடு இருக்கிறவர் போட்டோவுக்கு எங்கள் வீடுகளில் மாலை போடுவதில்லை. அதுவும் மாமாவுக்குப் போன வருடம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இந்த ஊரில் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று இருப்பது அவர் ஒருவர்தான். மாமாவிடம் நேராகச் சொல்லப் பயந்து, என்னிடம் சொன்னாள். நான் போய் மாமாவிடம் சொன்னேன். நான் படித்தவன் என்பதை அவர் எனக்கு ஞாபகப்படுத்தினார். அம்மா காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அவர் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

படப்பிடிப்பன்று அனுமதி வாங்கிய கீழ்த்தளத்தில் இரண்டு மடக்கு மேசைகளைச் சேர்த்து வெள்ளைத் துணி விரித்தோம். கேமரா என்னுடன் படிக்கும் சீன நண்பனுடையது. போட்டோவுக்கு மாலை ஏறியது. மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்த ஒரு சீனப் பாட்டி போட்டோவுக்கு முன்னால் நின்று மூன்று முறை குனிந்து வணங்கினார். பக்கத்து நாற்காலியில் பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டிருந்த மாமா, தனக்கு வரவேண்டியதுதான் என்பதுபோலத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். பாட்டி போட்டோவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், லிஃப்டுக்கு நிற்காமல் படியேறிப் போய்விட்டார்.

அதற்குள் செத்தவருடைய தங்கச்சி வேடத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த வகுப்புத் தோழி காய்ச்சல் என்று மெசேஜ் அனுப்பினாள். அம்மா பிளாஸ்க்கோடு எங்களுக்குத் தேநீர் கொடுக்க வந்திருந்தாள். மாமா உடனே தீர்ப்புச் சொன்னார்: தங்கச்சியே இங்கே இருக்கும்போது வேறு தங்கச்சி எதற்கு? அம்மா மறுத்துப் பார்த்தாள். மாமா மேசைமேல் ஏறிப் படுத்துவிட்டார். தன்னால் எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியும் என்று காலையிலிருந்து பெருமை அடித்துக்கொண்டிருந்தார். யாராவது அசைந்து ஷாட்டைக் கெடுத்தால் அவ்வளவுதான் என்று படுத்தபடியே எங்களை மிரட்டினார்.

அம்மா சொல்ல வேண்டியது ஒரே வரி: எழுந்திரிண்ணே.

கேமரா ஓடியது. அம்மா மாமாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். மாமாவின் மார்பு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உண்மையிலேயே நன்றாகச் செத்திருந்தார். அம்மா அந்த ஒரு வரியை மறந்துவிட்டாள். மெல்ல நகர்ந்து அவர் மூக்கருகே விரலை வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து உலுக்கத் தொடங்கினாள். அது நடிப்பில்லை என்று எனக்குப் புரிந்து நான் ஓடுவதற்குள் மாமா கண்ணைத் திறந்தார்.

“ஏய், பாப்பா. இருக்கேன். எங்கயும் போகல.”

அம்மாவை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எழுந்து உட்கார்ந்து, பிண வேடத்துக்காகப் பவுடர் அப்பிய கையால் அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அம்மாவின் கறுப்பு ரவிக்கையில் வெள்ளையாகக் கை பதிந்தது. மாமா மேசையிலிருந்து இறங்கி, போட்டோவிலிருந்து மாலையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

“இது வேணாம்டா. வெறும் விளக்கு போதும். சட்டத்தைத் திருப்பி வை, முதுகு தெரியட்டும்.”

அப்படித்தான் எடுத்தோம். போட்டோவின் முகத்தைக் கடைசிவரை காட்டாததில் ஆழமான பொருள் இருப்பதாக ஆசிரியர் பாராட்டினார். நானும் ஆமாம் என்றேன்.

மதிப்பெண் வந்த ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அந்தப் போட்டோ மட்டும் திரையில் வந்திருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும் லா, ரசிகர்கள் கேட்டால் இவன் என்ன பதில் சொல்வான் என்று முதல் தோசையிலிருந்து மூன்றாவது தோசைவரை பேசிக்கொண்டே இருந்தார். அம்மா நாலாவதை அவர் தட்டில் போட்டாள்.

“பேசாம சாப்பிடுண்ணே,” என்றாள். “செத்தவங்க இவ்ளோ பேசமாட்டாங்க.”