தராசுத் தட்டில் ஏறப் பயந்தேன்

ஏரல் சந்தைக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியாவிட்டாலும் என் தொந்தியைத் தெரியும். கருப்பட்டி மண்டி வாசலில் முதலில் அது நிற்கும், அதற்குப் பின்னால் நான் நிற்பேன். யாவாரம் தழைத்தவனுக்குத் தொந்தி லட்சணம் என்று ஊரார் சொன்னார்கள். நானும் அதைப் பெருமையாகவே சுமந்து திரிந்தேன். அடிவயிற்றில் குடல் இறங்கிப் புடைத்த பிறகுதான் அந்தப் பெருமை போயிற்று.

டெல்லியில் ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்ததற்கு அடுத்த வருஷம், மாசி மாதத்தில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெள்ளைக்கார டாக்டர் துரை என்னை நிறுவைப் பலகையில் ஏற்றினார். அவர் ராத்தலில் சொன்னதை, இருபத்தைந்து ராத்தல் ஒரு மணங்கு என்று நான் மனசுக்குள் மணங்காக்கினேன். எட்டரை மணங்கு! இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு திரும்பாது, ஏழரைக்கு வந்தால் அறுத்துத் தைத்துவிடலாம், மாதந்தோறும் எடை பாரும் என்றார்.

என் அண்ணன் இதே குடலிறக்கத்தில்தான் செத்தார். இறங்கிய குடல் ஒருநாள் உள்ளே போகாமல் முறுக்கிக்கொண்டது. அவர் அலறியதைப் பக்கத்திலிருந்து கேட்டவன் நான். எனக்கோ மூன்று பெண்பிள்ளைகள். பயந்துபோனேன். சோற்றைப் பாதியாக்கினேன். ராத்திரிக்குக் கேப்பைக் கூழ் குடித்தேன். எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. "ஆண்டவரே, இந்த எடையைக் குறைத்தருளும்" என்று தினமும் முழங்காலில் நின்று கெஞ்சினேன்.

ஆனால் எடை மட்டும் பார்க்கவில்லை.

அதற்காக நான் எங்கும் போகவேண்டியதுமில்லை. எங்கள் மண்டியின் பெரிய தராசு ஆளையே தூக்கும். ஒரு தட்டில் நான் உட்கார்ந்தால், மறு தட்டில் நிறுவைக்காரர் மாசானம் மணங்கு எடையுள்ள இரும்புக் கற்களை ஒவ்வொன்றாக வைப்பார். ஊரார் சரக்கையெல்லாம் அதில் நிறுக்கிறவன் நான். ஆனால் நான் ஏறவேண்டும் என்றதும் கயிறு நைந்திருக்கிறது என்பேன். காற்றடிக்கிறது, முள் நிற்காது என்பேன். வீட்டில் சிரித்தார்கள். எனக்கோ அந்தத் தட்டைப் பார்க்கவே பயம். நிறுக்காதவரையில் குறைந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். நிறுத்துப் பார்த்துக் குறையவில்லை என்றால் என்ன செய்வது? அண்ணன் முகம்தான் கண்முன் வந்து நின்றது. போதாக்குறைக்கு மாசானத்தின் குரல் வேறு. ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்கி, தெருமுனை வரைக்கும் கேட்கும்படி சத்தமாக எண்ணுவார்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. யாருக்கு என்ன விண்ணப்பம் என்று எங்கள் சபை உபதேசியார் கேட்டார். நான் வழக்கம்போல "சரீர சுகத்துக்காக" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி ஞானம்மாள் எழுந்தாள்.

"ஐயா, சுகத்துக்கு இத்தனை மாசம் ஜெபிச்சாச்சு. இவிய தராசுல ஏறப் பயப்படுதாவ. அந்தப் பயம் போவணும்னு ஜெபிங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எழுந்து ஆற்றங்கரைப் பக்கம் போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. உபதேசியார் சிரிக்கவில்லை. "ஆண்டவரே, எவ்வளவு காட்டினாலும் சரி, இவரை ஏறப்பண்ணும்" என்று ஜெபித்தார். அவ்வளவுதான்.

எவ்வளவு காட்டினாலும் சரி! நான் ஒருநாளும் அப்படி ஜெபித்ததில்லை. முதலில் நீர் குறைத்துக் கொடும், பிறகு நான் ஏறுகிறேன் என்று ஆண்டவரிடமே பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மண்டிக்காரன் புத்தி எங்கே போகும்? அன்று அந்த வார்த்தையை என் வாயாலும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

மறுநாள் சந்தை கலைந்ததும் மாசானத்தைக் கூப்பிட்டேன். "கல்லை எடுத்து வையும் வே. நான் ஏறுதேன்."

"பைய ஏறுங்க அண்ணாச்சி. கயித்தைப் பிடிச்சுக்கிடுங்க."

லாபம், ரெண்டு, மூணு என்று எட்டு வரைக்கும் போனது. மேலே அரை வைத்தார். என் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. இன்னும் இரண்டு வீசை, அதாவது கால் மணங்கு, வைத்த பிறகுதான் எழும்பியது. எட்டே முக்கால் மணங்கு.

குறையவில்லை, கூடியிருந்தது. நான் பயந்ததற்கும் மேலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தத் தட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நடுக்கமில்லை. இறங்கி ஓடத் தோன்றவில்லை. இத்தனை மாதம் எதற்கு இப்படிப் பயந்தோம் என்றுதான் தோன்றியது. மாசானம்தான் பதறிப்போனார்.

"கல்லுல என்னமோ கோளாறு இருக்கு அண்ணாச்சி."

"கல்லு சரியாத்தான் இருக்கு வே. எங்கிட்டதான் கோளாறு. அது என்னன்னு ஆண்டவர்ட்ட கேக்கப் போறேன்."

கேட்டேன். திங்கட்கிழமையே பதில் வந்தது. ஓலைச் சிப்பங்களில் கருப்பட்டி வந்து இறங்கியது. வழக்கப்படி ஒரு கருப்பட்டியை உடைத்து, சுண்ணாம்பு தூக்கலா, பதம் தப்பியிருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டேன். அது நாக்கில் கரையும்போதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிப்பத்துக்கு ஒரு துண்டு! பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்கியதிலிருந்து காலை முதல் சாயங்காலம் வரை இதே வேலைதான். இதை நான் சாப்பாட்டில் சேர்த்ததே இல்லை. தொழில் என்றல்லவா நினைத்திருந்தேன்! வயிற்றைப் பட்டினி போட்டுவிட்டு வாய் நிறையத் தொழில் பார்த்திருக்கிறேன். உடனே துப்பினேன். சரக்குக் கொண்டுவந்தவர் முகம் சுண்டிப்போனது.

"என்ன அண்ணாச்சி, சரக்கு அம்புட்டு மோசமா?"

"சரக்கு தங்கம் வே. எனக்குத்தான் ஆகாது."

அன்றோடு ருசி பார்க்கும் வேலையை மைத்துனரிடம் விட்டேன். அவர் ஒடிசலான ஆள், தாங்குவார்.

அதன்பிறகு மாதந்தோறும் ஏறினேன். ஒரு மாதம் குறைந்தது. ஒரு மாதம் அசையவே இல்லை. கிறிஸ்மஸ் பலகாரம் ஒரு வீசையைத் திருப்பிக் கொண்டுவந்தது. அப்போதும் ஏறாமல் இருக்கவில்லை. கோடை பிறப்பதற்குள் ஏழரைக்கு வந்துவிட்டேன். மாசானம் கூவிய கூவலில் ஞானம்மாள் வீட்டிலிருந்து ஓடிவந்துவிட்டாள். டாக்டர் சொன்னபடியே அறுத்துத் தைத்தார். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது என் மூன்று பெண்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மூத்தவள் என் மூக்கருகே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

கர்த்தர் என் எடையைக் குறைத்தார். அது மெய்தான். ஆனால் அதற்கு முன்பே, எடை கூடியிருந்த அன்றைக்கே, என்னை அந்தத் தட்டில் உட்கார வைத்தாரே, அதைத்தான் நான் பெரிய உதவியாக நினைக்கிறேன். இப்போதெல்லாம் எந்தக் காரியத்திலும் அவரிடம் பேரம் பேசுவதில்லை.

பார்க்கப் பயந்து ஒதுக்கிவைத்த காரியம் ஒன்று உங்களுக்கும் இருக்கும். எதுவானாலும் சரி என்று சொல்லி அவரிடம் தைரியம் கேளுங்கள், கொடுப்பார். அது உடம்பின் எடைதான் என்றால் கூச்சப்படாமல் ஏரலுக்கு வாருங்கள். சந்தை கலைந்ததும் மண்டிக் கதவைச் சாத்திவிடலாம். மாசானத்தை மெதுவாக எண்ணச் சொல்கிறேன். முதலில் நான் ஏறுகிறேன். பிறகு நீங்கள் ஏறலாம்.