‘ஆடாதீங்க’ சம்பந்தி

என் பேத்திக்கு அவளுடைய இன்னொரு தாத்தாவின் மூக்கு. மற்றதெல்லாம் எங்கள் பக்கம். அந்த மூக்குக்காரரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சம்பந்தி ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் போட்டோ, அடையாள அட்டை போட்டோ, அவ்வளவுதான். ஸ்டூலில் யார் உட்கார்ந்தாலும் “ஆடாதீங்க” என்பார். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே அதுதான். அப்படிச் சொல்லும்போதெல்லாம் கேமரா பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடுவார். பிலிம் வீணாகிவிடக் கூடாது என்று பழகிய பழக்கம். பிலிம் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, விரலுக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

நாளெல்லாம் ஆடாத முகங்களைப் பார்த்துச் சலித்ததாலோ என்னவோ, ஆடுகிற வெளிச்சத்தின் மேல் அவருக்கு ஒரு பைத்தியம். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஜன்னலுக்கெல்லாம் போர்வையை அடித்து இருட்டாக்குவார். கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, அதன் கண்ணை மூடாமல் அரை நிமிஷம் திறந்தே வைப்பார். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அதற்கு எதிரே நின்று, டார்ச்சால் காற்றில் படம் போடுவார். டார்ச் போன வழியெல்லாம் கோடாகப் படத்தில் விழும். அவர் மட்டும் விழமாட்டார். நகர்ந்துகொண்டே இருக்கிற, வெளிச்சம் படாத ஆளைக் கேமரா கண்டுகொள்ளாதாம்.

எழுத்து நேராக விழவேண்டும் என்றால் அவர் திருப்பிப் போட்டு எழுதவேண்டும். அதைப் பழகிப் பழகி, ஒருநாள் மளிகைச் சீட்டையும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். கடைக்காரர் அதைக் கண்ணாடி முன்னால் பிடித்துப் படித்துச் சாமான் கட்டினாராம். சம்பந்தியம்மாவைக் கேட்டால், “உள்ளே ஒரு கொள்ளிவாய்ப் பிசாசு குடித்தனம் நடத்துது, வாடகைதான் தரமாட்டேங்குது” என்பார். அந்தப் படங்களை வீட்டில் யாரும் ஒன்றுகூடக் கேட்டு வாங்கியதில்லை. சுவரில் மாட்ட ஆணி கேட்டால், காலண்டருக்கே ஆணி இல்லை என்று பதில் வரும்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அவர் மகன், அதாவது என் மாப்பிள்ளை, போன் போட்டான். தூரத்தில் வேலை, குழந்தையைப் பார்க்க வர லீவு கிடைக்கவில்லை. “போன்ல எடுத்ததெல்லாம் போதும்ப்பா. பாப்பாவை வச்சு உங்க வெளிச்சப் படம் ஒண்ணு அனுப்புங்க, ரூம்ல மாட்டணும்” என்றிருக்கிறான். மனுஷர் மூன்று நாள் தரையில் நடக்கவில்லை.

என் மகள்தான் இறுக்கிப் பிடித்தாள். பாப்பா மத்தியானம் தூங்கும்போது ஒரே ஒரு தடவை, அழுதால் அதோடு சரி, இனி டார்ச்சும் கையுமாகக் குழந்தை பக்கமே வரக்கூடாது என்று மாமனாரிடமே சொல்லிவிட்டாள்.

ஏற்பாடு இதுதான். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நான் அசையாமல் உட்காரவேண்டும். சம்பந்தி என் பின்னால் நின்று, என் தலைக்கு மேல் ‘தாத்தா’ என்று எழுதுவார். கடைசியில் துணி சுற்றிய இன்னொரு டார்ச்சால் எங்கள் முகத்தை லேசாக ஒரு தடவு தடவுவார். எழுதுகிற டார்ச், பட்டனை அழுத்தினால்தான் எரியும். அதன் முகம் கேமரா பக்கம், முதுகு அவர் பக்கம்.

நான் வெல்டிங் பட்டறைக்காரன், நெருப்புப் பக்கத்தில் ஆடாமல் உட்காருவது எனக்குத் தொழில். இருட்டில் சிலை மாதிரி இருந்தேன். சம்பந்தி முதல் ‘தா’வை முடித்தார். அப்போது என் மடியில் வெதுவெதுவென்று ஏதோ பரவியது.

“சம்பந்தி, நனையுது” என்றேன், உதடு அசையாமல்.

“ஆடாதீங்க” என்றார் அவர். கை நிற்காமல் எழுதிக்கொண்டே போனது.

நான் ஆடவில்லை. முழங்கால் வரைக்கும் வந்தும் ஆடவில்லை. முகத்தில் வெளிச்சத்தைத் தடவி முடித்து அவர் கேமராவை மூடியதும், பாப்பா விழித்துக்கொண்டு வீடே இடிந்துவிழுகிற மாதிரி கத்தினாள். மகள் வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

சம்பந்தி படத்தைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குப் படிப்பு கொஞ்சம்தான், ஆனால் அதைப் படிக்கக் கொஞ்சமே போதும். “ஆடாதீங்க” என்றபோது பழக்கத்தில் விரல் டார்ச் பட்டனை விட்டிருக்கிறது. நடுவில் இருக்கவேண்டிய ‘த்’ இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மீசை விறைக்க, கண்ணை உருட்டிக்கொண்டு நான். தலைக்கு மேல் பளபளவென்று ‘தாதா’. மடியில் கைக்குழந்தை. பார்த்தால், பிள்ளையைக் கடத்திவைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவன் மாதிரியே இருந்தேன்.

“ஒரே ஒண்ணு கேட்டான் சம்பந்தி. அதையும் கெடுத்துட்டேன்” என்றார். அனுப்பவே போவதில்லை என்று கேமராவைப் பைக்குள் வைத்தார். மகள் வந்து பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேமரா திரையைத் தன் போனில் படம் பிடித்து, அவர் எழுந்திருப்பதற்குள் அனுப்பிவிட்டாள்.

மாப்பிள்ளை உடனே கூப்பிட்டான். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. ரூமில் இருக்கிறவர்கள் எல்லாம், உன் மாமனார் என்ன தொழில் பண்ணுகிறார் என்று கேட்கிறார்களாம். ஆளுயரத்துக்குப் பெரிசாக்கி மாட்டப்போகிறானாம். பிறகு, “அப்பா, நீங்க எங்கே?” என்று கேட்டான்.

“அங்கேதான்டா இருக்கேன்” என்றார் சம்பந்தி. “ஆடிக்கிட்டே இருந்தேன். அதான் தெரியலை.”

“அடுத்ததுல நீங்க ஆடாம உக்காருங்க. மாமா எழுதட்டும்.”

சம்பந்தி மருமகளைப் பார்த்தார். “இன்னும் ஒரே ஒரு தடவை, மாமா” என்றாள் அவள். சம்பந்தியம்மா போய்ச் சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

அன்றிலிருந்து பட்டறை இரும்புத் தகட்டில் சாக்பீஸால் திருப்பிப் போட்டு ‘தாத்தா’ எழுதிப் பழகுகிறேன். ‘தா’வுக்குப் போடுகிற கால் இன்னும் தப்பான பக்கத்துக்கே போகிறது. ‘த்’ மேல் வைக்கிற புள்ளியைப் பற்றிக் கவலையில்லை. வெல்டிங்காரனுக்குப் புள்ளி வைக்கச் சொல்லித்தர வேண்டுமா?