மாரியின் தட்டு

அன்று சிறைச் சமையல்கட்டில் இருந்தவர்கள்: நான். சோறு வேகவைக்கும் ரவி, பண்டமாரான் ஊர்க்காரன். காய் வெட்டும் ஆ லிம். வாசலில் காவலுக்கு நின்ற அதிகாரி, எங்களுக்கு அவர் துவான். ஐந்தாவது ஆள் மாரி, அவன் நோயாளிகள் பிளாக்கில் கிடந்தான். பேய் பிசாசை எல்லாம் நான் நம்பியதில்லை. இப்போதும் பேய் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நம்புவது உங்கள் விருப்பம்.

எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்தில் விறகு அடுப்பாம், தகரத் தட்டாம். எங்கள் காலத்தில் நீராவி அண்டா, பிளாஸ்டிக் தட்டு. சோறு மட்டும் அதே சோறு. பிளாஸ்டிக்கை உடைத்துத் தீட்டினால் கத்தி. அதனால் போன தட்டு அத்தனையும் எண்ணித் திரும்பி வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் எல்லா அறையும் சோதனை.

மாரி எங்களோடு சமைத்தவன். ஆயுள் கைதி, கிள்ளான்காரன். கிட்னி போய்விட்டது, உப்பில்லாத கஞ்சிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மன்னிப்பு மனு போட்டுக் காத்திருந்தான். ஒரு நாள் கஞ்சி கொண்டுபோன என்னிடம், "வெளிய போவனோ இல்லையோ தெரியாதுடா. ஒரு நாள் ரசச்சோறு அனுப்பு லா. உப்பு போட்டு" என்றான்.

"துவான் பாத்தா என்னைய கிச்சன்ல இருந்து தூக்கிருவாரு."

"தூக்கட்டும். நீ வைக்கிற கஞ்சிக்கு அதுதான் சரி."

மறுநாள் மத்தியானம், மீன் குழம்புக்கு வந்த புளியில் கொஞ்சம் ரசம் வைத்து, சோற்றைக் கரைத்து, மேலே கஞ்சியை ஊற்றி மறைத்து அனுப்பினேன். தட்டுகள் திரும்பி வந்தன. மாரியின் தட்டை வழித்துச் சாப்பிட்டிருந்தது. கறிவேப்பிலையை ஓரத்தில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தது. அது அவன் பழக்கம், அங்கே வேறு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். எனக்குச் சந்தோஷம்.

அப்போதுதான் துவான் உள்ளே வந்தார். "நாளையில இருந்து ஒரு தட்டு குறைச்சிருங்க. மாரி விடிகாலையிலேயே முடிஞ்சிட்டான்" என்றார். கொஞ்சம் நின்று, "மனுவையும் தள்ளிட்டாங்க" என்றார்.

வண்டி தள்ளியவன் விஷயம் தெரியாமல், பூட்டியிருந்த அறையின் கதவுச் சந்தில் தட்டைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். எடுக்க வந்தபோது காலியாக இருந்ததாம். உள்ளே ஆள் இல்லை.

மறுநாள் ஒன்று குறைத்து அனுப்பினோம். வந்ததில் ஒன்று அதிகம். ஆ லிம் மறுபடி எண்ணினான். குறைந்தால் சோதனை, அதிகமானால் என்ன செய்வதென்று துவானுக்கும் தெரியவில்லை. "கழுவி அடுக்குங்க" என்றார். காலையில் பார்த்தால் அடுக்கு சரியாக இருக்கும். மத்தியானம் மறுபடி ஒன்று அதிகம் வரும், ஓரத்தில் கறிவேப்பிலையோடு. குழம்பே வைக்காத நாளிலும்.

நான் வெளியே வந்துவிட்டேன். செத்த பிறகும் அவன் வெளியே வரவில்லை.

ரவிக்குப் போன வாரம்தான் விடுதலை. பண்டமாரான் டீக்கடையில் பார்த்தேன். "இன்னும் வருதா?" என்று கேட்டேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னான்.

அவனுடைய கடைசி நாளில் போனது அறுநூற்றுப் பதினொன்று. வந்தது அறுநூற்றுப் பன்னிரண்டு.