கல்லியும் காலியும்

குவைத்துக்கு வந்து நாலு வருஷத்தில் கோபாலசாமி கற்ற அரபியைக் கடுகு டப்பாவில் போட்டாலும் இடம் மிச்சமிருக்கும். புரிந்தாலும் புரியாவிட்டாலும் "ஜேன், பாபா" என்று தலையாட்டிவிடுவார். சரி என்று அர்த்தமாம். புதுக்கோட்டைப் பக்கத்து மனுஷன், கடலையே பார்க்காதவர், விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீலின் படகுக்குக் காவலாளியானதும் அந்தத் தலையாட்டலால்தான்.

தொண்ணூற்றாறு டிசம்பரில் கஃபீல் குளிர்காலம் முழுக்க லண்டனில் தங்கப் புறப்பட்டார். படகைக் கரையேற்றி, எகிப்துக்கார மெக்கானிக் மஹ்மூது டாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றியிருந்தார். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது கஃபீல் காருக்குள்ளிருந்து, "கோபால், டாங்கி கல்லி!" என்றார்.

"ஜேன், பாபா."

காலி செய்யச் சொல்கிறார் என்று நினைத்து அன்று பகலெல்லாம் குழாயால் உறிஞ்சிக் கேன்களில் நிரப்பினார். குழாய்க்கு எட்டாத மிச்சத்தை அடித் திருகைக் கழற்றி ஊறுகாய் பாட்டிலில் பிடித்தார். ஏனோ செங்கலங்கலாக இருந்தது.

சாயங்காலம் ஃபர்வானியாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்துக் கௌஸ் முகைதீனிடம் பெருமையாகச் சொன்னார். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓய், கல்லின்னா அப்படியே வுடுன்னு அர்த்தம். குளிருக்கு உள்ள ஈரம் கோக்கக் கூடாதுன்னுதான் ரொப்பி வச்சிருக்காங்க!"

"அய்யய்யோ பாய், பெட்ரோலத் திருடுனேன்னுல்ல நெனப்பாரு!"

போன வருஷம் பெட்ரோலை விற்ற டிரைவரைக் கஃபீல் மறுவாரமே விமானம் ஏற்றியிருந்தார். கோபாலசாமியின் விசாவும் ஜனவரியில் முடிகிறது. அதில் கஃபீல் கையெழுத்துப் போடாவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

விடிந்ததும் பெட்ரோலைத் திரும்ப ஊற்றிவிடலாம் என்று ஓடினால், அங்கே கஃபீலின் கார் நிற்கிறது! லண்டன் பனிமூட்டத்தால் விமானம் தள்ளிப்போயிருந்தது. பக்கத்தில் மஹ்மூது, கேன்களைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

கோபாலசாமி கையில் அகப்பட்ட ஊறுகாய் பாட்டிலை நீட்டினார். இரவெல்லாம் அசையாமல் இருந்ததில் மேலே பெட்ரோல், அடியில் நாலு விரல் துருத்தண்ணீர். கஃபீல் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். டாங்கி மூடியைத் திறந்தார். உள்ளே ரப்பர் வளையம் இரண்டாகக் கிழிந்திருந்தது. அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இப்படியே நாலு மாசம் கிடந்திருந்தால் டாங்கி ஓட்டையாகியிருக்கும்.

"மூடியைப் பார்க்காமலா ஊற்றினாய்?" என்று அரபியில் மஹ்மூதைப் பிடித்தார். மஹ்மூது விடவில்லை, இவனை ஊருக்கு அனுப்புங்கள் என்று விமானம் பறப்பதுபோல் கை காட்டினார்.

கஃபீல் இல்லையென்று தலையை ஆட்டினார். "லா. கல்லி கோபால்!"

காலி! வேலை போச்சு என்றே கோபாலசாமி நினைத்தார். அப்புறம்தான் கௌஸ் பாய் சொன்னது உறைத்தது. காலி இல்லை, கல்லி. அவன் இருக்கட்டும், விடு.

படகின் மேலேயே சாய்ந்து அழுதார், சிரித்தார். அத்தனை நிம்மதி. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஜேன், பாபா" என்றார். நாலு வருஷத்தில் அர்த்தம் தெரிந்து அவர் சொன்ன முதல் ஜேன் அதுதான்.