கல்லில் உட்காரும் தட்டான்

வீட்டுக்குப் பின்னாலுள்ள ஓடையில் மகள் பிடித்து வந்த தட்டான் கருநீலமாக இருந்தது. பின்னிறக்கையின் அடியில் பழுப்புக் கறை. ஓடும் நல்ல தண்ணீரில் வாழ்கிற இனம். உடனே விடச் சொல்லி அதட்டினேன். அதட்டியிருக்க வேண்டாமோ?

ஆறு வயதில் இதே இனத்தைப் பிரம்மதேசம் கிராமத்து ஓடைக் கல்லில் பிடித்து, பவுடர் டப்பாவில் எங்கள் ஊர் மரக்காணத்துக்குக் கொண்டுவந்தேன். உப்பள வரப்பில் திறந்தபோது அது பறக்கவில்லை. உப்புக் காற்றில் இறக்கை மட்டும் நடுங்கியது.

"உப்புத் தண்ணியில இது எப்படிடி இருக்கும், லூசு?" என்று திட்டிய அக்கா, டப்பாவோடு பஸ் ஏறினாள். சாயங்காலம் வெறும் டப்பாவுடன் திரும்பினாள்.

"அதே கல்லு மேல போயி குந்திக்கிச்சி. அழாத."

அது உண்மையா என்று நான் கேட்டதே இல்லை. அக்கா இப்போது பம்பாயில் இருக்கிறாள். கடிதத்தில் கேட்க நினைத்து, பிள்ளைகளின் காய்ச்சலைப் பற்றி எழுதி ஒட்டிவிடுகிறேன். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை; பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை சொன்னால் போதும்.