சீட்டுக்கு அடியில் இருந்த சுவிட்ச்

“…இனி நீ தள்ளு மச்சான், நான் குந்திக்கொண்டு வெட்டுறன்” என்று சொல்லியபடி தவராசா புதுப் புல்வெட்டி மெசினின் சீட்டில் ஏறி இருந்தான். அவன் சொன்னதில் முதற்பாதி எனக்குக் கேட்கவில்லை. லொறியிலிருந்து மெசினை இறக்கப் போட்ட பலகையை இழுத்துக்கொண்டு நின்றேன். கேட்ட பாதியே போதுமாக இருந்தது.

வாவிக்கரையில் உள்ள அந்த ஹோட்டலின் தோட்டத்துக்கு நாங்கள் இருவர். புல்வெட்டும் தள்ளுமெசின் என் பொறுப்பு. மரங்களும் தண்ணீர்ப் பைப்பும் தவராசாவின் பொறுப்பு. மழைக்கு எந்த இடம் சொதசொதக்கும், எந்த மூலையில் புல் அவசரமாக எழும்பும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் இருந்து ஓட்டும் புல்வெட்டி வரப்போகிறது என்றதும், அந்தச் சீட் எனக்குத்தான் என்று வீட்டிலும் சொல்லிவைத்திருந்தேன். மனேஜர் சாவியைத் தவராசாவிடம் கொடுத்தார்.

“அவர் கரடியனாத்தில உழவு மெசின் ஓடின ஆள். உங்களுக்குப் புல்லுத் தெரியும், அவருக்கு மெசின் தெரியும்” என்றார். நல்ல மனிதர்தான். சண்டை பிடிக்கும் பிள்ளைகளுக்கு மிட்டாயைப் பாதி பாதியாக உடைத்துக் கொடுப்பதுபோலப் பேசுவார்.

ஆட்கள் சொல்வதை மனதில் சேர்த்து வைப்பது என் பழக்கம். குசினியில் சமையல் வேலை செய்த ரோஸ்மேரி அக்கா என்னைப் பார்த்து, “என்ன கா, முகம் அடிப்பிடிச்ச சட்டி மாதிரிக் கிடக்கு” என்றாள். வேறு எப்படிக் கிடக்கும்? ஹோட்டலில் தங்கிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் தவராசாவுக்குக் கை காட்டினார்கள். அவன் புதுத் தொப்பி ஒன்றும் வாங்கிவிட்டான். அவனுக்கு முன்னால் நடந்து, தென்னையிலிருந்து விழுந்த ஓலையையும் குரும்பட்டியையும் கல்லையும் பொறுக்குவது என் வேலையாயிற்று. அது செய்யவேண்டிய வேலைதான். ஒரு சிறு கல் பிளேட்டில் பட்டாலும் ஆளைக் காயப்படுத்தும் வேகத்தில் பறக்கும்.

கரைச்சரிவு மட்டும் எனக்கு மிஞ்சியது. அந்த மெசினைச் சரிவில் குறுக்கே விட்டால் கவிழும், தண்ணீர் ஓரத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. அந்தத் துண்டு நிலத்தை, அவன் வெட்டிய இடத்தை விட ஒரு பிடி அழகாக இருக்கவேண்டும் என்றே தள்ளித் தள்ளி வெட்டினேன்.

ஒரு கிழமை போவதற்குள், மெசினில் ஏதோ கோளாறு என்றான் தவராசா. சீட்டை விட்டு எழும்பினால் எஞ்சின் நின்றுவிடுகிறதாம். வயல் வட்டைக்குள் உழவு மெசின் ஓட்டுகிறவர்கள் எஞ்சினை நிறுத்துவதில்லை. அது பாட்டுக்கு ஓட விட்டு, இறங்கி வரம்பில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து ஏறுவார்கள். அந்தப் பழக்கக்காரனுக்கு இது பெரிய கரைச்சல்.

அது கோளாறு இல்லை. மெசினோடு வந்த மெக்கானிக் எனக்குக் காட்டியிருந்தார். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. பிளேட் சுற்றும்போது ஆள் எழும்பினால் அது எஞ்சினை நிறுத்தும். பிளேட் லீவரை விலக்கி, பிரேக்கைப் பூட்டிவிட்டு இறங்கினால் நிற்காது. இதைத் தவராசாவிடம் சொன்னேன்.

“உனக்கு வயிறு எரியுது மச்சான். அதான் நொட்டை சொல்றாய்” என்றான்.

மனேஜரிடமும் சொன்னேன். அவர் சிரித்து, அடுத்த வருசம் எனக்கும் ஒரு மெசின் எடுப்போம் என்றார். வயிறு எரிந்தது உண்மை. நான் சொன்னதும் உண்மை. முதலாவது ஊருக்கே தெரிந்ததால் இரண்டாவதை ஒருவரும் கேட்கவில்லை. தவராசாவின் மச்சினன் ஒருவன் வந்து, சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிக் கட்டினான். அதன்பிறகு ஆள் இறங்கினாலும் மெசின் ஓடியது. மனேஜர் அந்த மச்சினனின் முதுகில் தட்டினார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மெசின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் வயரை வெட்ட ஓடவேண்டாம். சீட்டில் சரியாக இருக்கிறீர்களா, பிரேக் மிதிபட்டிருக்கிறதா, பிளேட் லீவர் விலகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பற்றரி முனையைப் பாருங்கள். எங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்கு அதில் வெள்ளையாகப் பூத்துவிடும். சுரண்டித் துடைத்தால் பாதி வருத்தம் போய்விடும்.

ஒரு கலியாண வரவேற்புக்கு முதல்நாள் மழை பெய்தது. விடிந்ததும் ஈரப்புல்லை வெட்டச் சொன்னார்கள். புல் வெளியே கொட்டும் வாய் அடைத்துக்கொண்டது. தவராசா எஞ்சினை ஓட விட்டபடியே இறங்கி, வாய்க்குப் பக்கத்தில் குனிந்தான். பந்தல் போடுகிறவர்கள் பலபேர் நின்றார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவன் அந்தச் சீட்டில் ஏறிய நாளிலிருந்து அவனை விட்டு என் கண் விலகியதே இல்லை.

கூப்பிட்டேன். எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன்.

அவன் நிமிர்ந்தான். “உனக்குப் பொறுக்கேலாமத்தான் இரிக்கி, என்ன? ஆக்களுக்கு முன்னால வந்து மெசின நிப்பாட்டுறாய்” என்று கத்தினான். பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கைய வைக்காத. காதக் குடுத்துக் கேளு” என்றேன்.

எஞ்சின் நின்றுவிட்டது. உள்ளே மட்டும் பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டு, அடைத்த புல்லில் டப் டப்பென்று அடித்து, மெல்ல மெல்ல ஓய்ந்தது. அவன் தன் வலது கையைப் பார்த்தான். விரல் நுனிகளில் ஈரப்புல் ஒட்டியிருந்தது.

எஞ்சின் நின்றால் பிளேட் நின்றதாக அர்த்தம் இல்லை. இந்த வேலையில் நான் படித்தவற்றுள் பெரியது அதுதான். சாவி அன்றைக்கும் எனக்கு வரவில்லை, அந்த எரிச்சலும் போகவில்லை.

தவராசா சீட்டைத் தூக்கி, முறுக்கிய வயரைப் பிரித்து, சுவிட்சில் திரும்பக் கொழுவினான். ஏறி இருந்து ஸ்டார்ட் பண்ணி, பிளேட்டைப் போட்டு, எழும்பினான். எஞ்சின் நின்றது. சாவியைக் கழற்றிச் சேட்டுப் பொக்கற்றில் போட்டான். உள்ளே சத்தம் ஓயும்வரை நின்றான். பிறகு கையை விடாமல் புல்லைக் கிளற ஒரு தென்னமட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு, அடைத்த வாய்ப்பக்கம் குனிந்தான்.