பாக்கியம் அக்கா எழுதிய ஊர்

அந்தக் கடுதாசியைத் தொட்டால் வெங்காயச் சருகைத் தொட்டது போலிருக்கும். நீலத்தாள். பிரித்தால் கோந்து வாசனையோடு இன்னொரு வாசனையும் வரும், சவுக்காரமா மருந்தா என்று சொல்லத் தெரியாது. அம்மா முதலில் மோந்து பார்ப்பாள். பிறகுதான் என்னிடம் கொடுப்பாள்.

எழுதியது என் அக்கா பாக்கியம். அறுபதுகளின் கடைசியில், பதினெட்டு வயதில், கன்னியாஸ்திரீகள் அவளைப் பிரான்சு தேசத்துக்குக் கூட்டிப் போனார்கள். மடத்திலேயே இருந்து நர்ஸ் படிக்கலாம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். எங்கள் ஊர் ராயப்பன்பட்டிப் பக்கம். "வேதக்காரக்" குடும்பம், கிறிஸ்தவர்கள். ரெண்டும் பொம்பளைப் பிள்ளை. அய்யாவுக்கு முக்கால் ஏக்கர் திராட்சைப் பந்தல். அய்யாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. நான் ஆறாவதோடு நின்றவள். வீட்டில் வாசிக்கத் தெரிந்தது நான் மட்டும்தான்.

எல்லாக் கடுதாசியும் ஒரே மாதிரி இருக்கும். சுகம், சுகமறிய ஆவல் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு முழுக்க அந்த ஊர்தான். ஊருக்கு நடுவே ஆறு ஓடுகிறது, ஆற்றின் மேல் ஏழு வளைவு வைத்த கல்பாலம், அதை ஏதோ ஒரு ராஜா கட்டினான், சண்டையில் ரெண்டு வளைவு இடிந்து திரும்பக் கட்டினார்கள், வெள்ளம் ஏறின உயரத்தைக் கோயில் சுவரில் கோடு வெட்டி வைத்திருக்கிறார்கள், குன்றின் மேல் இடிந்த கோட்டை, கீழே மாவு மில், அதை ஆற்றுத் தண்ணீரே சுற்றவைக்கிறது என்று போய்க்கொண்டே இருக்கும். ஊர்ப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. "ஆத்தங்கரை ஊர்" என்றே வைத்துக்கொண்டோம்.

"என்ன தின்னா, என்ன உடுத்துனா, காய்ச்சல் தலைவலி உண்டா, ஒண்ணுமில்ல. பாலம் கட்டுன கதை எனக்கெதுக்கு?" என்பாள் அம்மா.

அய்யாவுக்குச் சந்தேகம் வந்தது திராட்சையில். ஆற்றை ஒட்டின சரிவெல்லாம் திராட்சைக் கொடி, பந்தல் கிடையாது, இடுப்பு உயரக் குச்சியிலேயே நிற்கிறது என்று அக்கா எழுதியிருந்தாள்.

"மறுபடி வாசி ஆத்தா."

வாசித்தேன்.

"பந்தல் இல்லையாமா?"

"இல்லையாம்யா."

"திராட்சைக்காரன் மக எழுதுற எழுத்தா இது? பந்தல் இல்லாமக் கொடி எங்கன படரும்? யாரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கா. இல்ல, பிள்ளையே அங்கன இல்ல."

மறுநாளே உத்தமபாளையம் தபாலாபீசுக்குப் போய்க் கடுதாசியை நீட்டினார். அங்கிருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டாம்பு நல்ல ஸ்டாம்புதான்யா" என்றாராம். "ஸ்டாம்பு நல்லாருக்கு. பிள்ளை நல்லாருக்காளா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் எங்களிடம் அக்காவைக் கேட்டுக் கூட்டிப்போன சிஸ்டர் மறுபடி வந்தார். "செசிலியையும் அனுப்புங்க. அக்காளுக்கும் துணையா இருக்கும்" என்றார். செசிலி நான்தான். எனக்குப் பதினாறு. ஒரு பேப்பரில் அய்யா கைநாட்டு வைத்தால் போதும்.

அய்யா பங்குச் சாமியாரிடம் போனார். அவர் ரோமாபுரி போய் வந்தவர். கேட்டதும் சிரித்துவிட்டாராம். "அந்தச் சீமையில பந்தல் போட மாட்டாக. குச்சிதான். நானே கண்ணால பாத்தேன்." அய்யா வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். "பிள்ளை பொய் சொல்லல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கைநாட்டு வச்சிருவோம்" என்றார்.

எனக்குப் போக ஆசை. அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பந்தலுக்கடியில் அண்ணாந்து குலை வெட்டி, கொடிக்குப் பூச்சி நோய் வராமல் "துத்த மருந்து" அடித்து, உள்ளங்கையெல்லாம் நீலம் பூத்துக் கிடந்தவள் நான். ஏரோப்பிளேனை வானத்தில்தான் பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை ஒரு கடுதாசி வந்தது. உட்கார்ந்து வாசித்தேன். ஆற்றங்கரையில் ஓடு வேய்ந்த துவைக்கிற துறை ஒன்று இருக்கிறது, இருநூறு வருசத்துக் கட்டடம், சாய்வாகக் கல் போட்டிருக்கிறார்கள், பெண்கள் மரப்பெட்டிக்குள் முழங்கால் போட்டுத் துவைப்பார்கள். அதுவரை வாசித்தேன். பிறகு கோட்டைக்குத் தாவினேன்.

"நில்லு" என்றாள் அம்மா. "கண்ணு நாலு வரி இறங்குச்சு, வாய் ஒண்ணும் சொல்லல. என்னத்த முழுங்குன?"

"துணி துவைக்கிற கதைம்மா."

"அதைத்தான் கேக்கேன். வாசி."

வாசித்தேன். மார்கழி தையில் தண்ணீரில் ஐஸ் மிதக்கும். முதல் முக்கில் கை எரியும். பிறகு கை இருப்பதே தெரியாது. சாயங்காலம் நெருப்புக்கிட்டப் போனதும்தான் வெடிப்பில் ரத்தம் கசியும்.

"அந்த ஊர்ப் பொம்பளைக படுற பாட்டை எழுதியிருக்கா, பாவம்" என்றார் அய்யா.

அம்மா அவரைப் பார்த்தாள். "ஊர்ப் பொம்பளைகளா? கரையில நின்னு வேடிக்கை பாத்தவளுக்கு, நெருப்புக்கிட்டப் போனா ரத்தம் கசியும்னு எப்படித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை அய்யா கைநாட்டு வைக்கவில்லை. சிஸ்டர் வீடு தேடி வந்து, "மனசு மாறிட்டீகளா?" என்றார். "மூத்தவ நர்ஸ் படிச்சு முடிக்கட்டும் சிஸ்டர். பெறகு இவளைப் பாப்போம்" என்றாள் அம்மா. மறு வருசம் என்னைச் சின்னமனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அம்மாவோடு ரொம்ப நாள் சரியாகப் பேசாமலே இருந்தேன்.

ஒன்பது வருசம் கழித்து அக்கா ஒரு மாச லீவில் வந்தாள். வெள்ளை அங்கி. தமிழ் தட்டித் தட்டி வந்தது. நானும் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தலுக்குள் ரெண்டு பேரும் தனியாக இருந்தபோது கேட்டேன்.

நர்ஸ் படித்தது நிசம்தான். ஆனால் நாலு வருசம் ஆஸ்பத்திரித் துணி துவைத்த பிறகு. "கடுதாசியைத் திறந்தபடிதான் மடத்து மதர்கிட்டக் குடுக்கணும். புதுச்சேரியில இருந்து வந்த கிழட்டு சிஸ்டர் ஒருத்தி தமிழ் வாசிப்பா. எங்க வேலையை எழுதினா அந்த வரியைக் கோடு போட்டு அடிச்சிருவா. ஊரைப் பத்தி எழுதினா சந்தோசமா விட்டுருவா."

அம்மா அந்த நாலு வரியைப் பிடித்ததையும், அதனால்தான் என்னை அனுப்பவில்லை என்பதையும் சொன்னேன். "எங்களை உசார்ப்படுத்தத்தான எழுதுன?"

"இல்லடி. நீ வரப்போறேன்னு மதர் சொன்னாக. வரும்போது கை வெடிப்புக்குப் போட விளக்கெண்ணெய் கொண்டாருவேன்னுதான் எழுதினேன். பக்கத்துக் கட்டில்ல ரெண்டு வருசம் யாரையும் படுக்க விடாம என் பெட்டியை வச்சிருந்தேன்."

இப்போது அய்யா இல்லை. பந்தல் இருந்த இடம் பிளாட் ஆகிவிட்டது. அக்காவை அந்த ஆத்தங்கரை ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். அங்கே சேர ஆளில்லாமல் மடத்தையும் மூடிவிட்டதாக அச்சடித்த கடுதாசி ஒன்று வந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்தும் வருசங்களாகிறது. கடைசிக் காலத்தில் என் வீட்டில்தான் கிடந்தாள். "மூத்தவளைத்தான் விட்டுட்டேன். உன்னையாவது காப்பாத்துனேன்ல?" என்று அடிக்கடி கேட்பாள். ஆமாம்மா என்பேன்.